ஆழ்கடல் கண்ட ஆல்காக்

பழனிமலைத் தொடரின் கீழ்ப்பகுதியில் பெரும்பாறை என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. காப்பியும் மிளகும் வாழையும் ஆரஞ்சும் செழித்து வளரும் மலையூர் அது. அதன் அருகில் புல்லாவெளி அருவி ஆரவாரத்துடன் வீழ்கின்றது. அவ்வருவிநீர் குடகனாறு என்னும் பெயருடன் ஆத்தூர்ப் பக்கம் சமவெளியில் இறங்குகின்றது. பின்னர் அமராவதியுடன் கலந்து, அமராவதியோடு காவிரியை அடைகின்றது. ஏரிகளும் வயல்களும் உண்டது போக எஞ்சும் நீர் இறுதியில் வங்கக்கடலைச் சேர்கின்றது. மலையில் நிற்பவன் தன் காலடியிலுள்ள பள்ளத்தாக்கைக் கண்ணாற் காணலாம். வேண்டுமாயின் ஒற்றையடிப் பாதையில் இறங்கிச் சென்று அதன் அடியையும் மிதிக்கலாம். ஆனால், அருவிநீர் சென்று சேர்கின்ற கடலுக்கு உள்ளே இருக்கும் மலைகளையும் பள்ளங்களையும் யார் கண்டனர்? அங்கு வாழும் உயிர்கள் எவை? இந்தியக் கடல்களைப் பொறுத்தவரை இவ்வினாக்களுக்கு விடை தேடித் தந்தவருள் முதன்மையாக வைத்து எண்ணத்தக்கவர் ஆல்பிரடு வில்லியம் ஆல்காக் என்னும் மருத்துவர். அவரும் இளமையில் காப்பி மலையொன்றில் வாழ்ந்தவரே என்பது வியத்தற்குரியது.

ஆல்காக் 1859-ஆம் ஆண்டு சூன் திங்கள் 23-ஆம் நாள் பம்பாயிற் பிறந்தார். தந்தையார் கப்பல் தலைவர். ஆதலின் கடல் அவர் குடும்பத்துக்குப் புதிதன்று. சிறுவனை இங்கிலாந்தில் நல்ல பள்ளிகளிலே சேர்த்துப் படிக்க வைத்தனர். ஆனால், 1876-இல் தந்தையாரின் செல்வம் அழிந்தது. பதினேழு வயது மாணவன் பள்ளியினின்றும் நிறுத்தப்பட்டான். வயநாட்டில் காப்பி பயிரிட்டு வந்த உறவினரிடம் அவனை அனுப்பிவைத்தனர்.

வயநாட்டுக் காடுகளிலே இளைஞர் ஆல்காக் கண்ட காட்சிகள் பல. பறவையும் பூச்சியும் விலங்கும் மலிந்த நிலம் அது. ஆயினும் காப்பித் தொழில் அவரை வாழவைக்கவில்லை. அக்காலத்தில் காப்பிச் செடிக்கு இருபெரும் பகைகள் தோன்றியிருந்தன. ஒன்று, இலையின் அடியில் செம்மஞ்சள் நிறத் தூளாகப் படரும் துருநோய். 1869-இல் இலங்கையில் காணப்பட்ட அந்நோய், சில ஆண்டுகளுக்குள் அத்தீவின் காப்பித் தோட்டங்களை அழித்து, அங்குத் தேயிலை வேரூன்றக் காரணமாயிற்று. மற்றொன்று, தண்டைத் துளைத்து உட்புகும் வண்டு. இவற்றால் தென்னாட்டுத் தோட்டங்கள் பலவும் நலிந்தன. தோட்டத்தை நம்பி வந்த இளைஞர் அதனை விட்டுக் கல்கத்தாவுக்குச் சென்று, தரகு வாணிக நிலையம் ஒன்றில் உதவியாளராக அமர்ந்தார். அந்நிலையமும் விரைவிலேயே மூடப்பட்டது. பிறகு அசாம் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்து அனுப்பும் வேலை கிடைத்தது. ஏழை மக்களை ஆசை வார்த்தை கூறித் தொலைவிடங்களுக்கு அனுப்பிய அத்தொழில் எத்துணைக் கண்ணீருக்குக் காரணமாயிற்று என்பதை மலைத்தோட்டங்களின் வரலாறு அறிந்தோர் அறிவர். நெடுங்காலம் நிலைத்திருக்கத்தக்க வேலையன்று அது. ஆல்காக்கும் அதில் நிலைக்கவில்லை.

அவ்வேலையின் பொருட்டுப் புரூலியா என்னும் ஊரில் தங்கியிருந்தபோது, நண்பர் ஒருவர் விட்டுச் சென்ற சிறு நூலொன்று அவர் கைக்குக் கிடைத்தது. மைக்கேல் பாஸ்டர் என்னும் அறிஞர் தொடக்க மாணவர்க்காக எழுதிய உடலியல் நூல் அது. குருதி எவ்வாறு ஓடுகின்றது, தசை எவ்வாறு சுருங்குகின்றது என்பனவற்றை எளிமையாக விளக்குவது. படிப்பை இடையில் இழந்தவருக்கு அந்நூல் ஒரு பள்ளிக்கூடமாகவே விளங்கியது. சிறிது காலம் டார்ஜிலிங்கில் பள்ளியாசிரியராகவும் இருந்து, பின்னர்த் தாயகம் திரும்பி, ஸ்காத்துலாந்தில் உள்ள அபர்தீன் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவராகச் சேர்ந்தார். உடன் பயின்றோரிற் பலர் அவரினும் இளையர். அதனை அவர் பொருட்படுத்தவில்லை. அங்கு விலங்கியல் கற்பித்த நிக்கல்சன் என்னும் பேராசிரியர் உயிர்நூல் ஆராய்ச்சியில் அவரை ஊக்கினார். 1885-இல் மருத்துவப் பட்டம் பெற்று, அவ்வாண்டே இந்திய மருத்துவப் பணியிற் சேர்ந்தார். சில காலம் வடமேற்கு எல்லைப் படைகளோடு இருந்த பின், 1888-இல் அவர் விரும்பிய பதவி அவரை வந்தடைந்தது. அது இன்வெஸ்டிகேட்டர் என்னும் கப்பலின் மருத்துவர் பதவி. மாலுமிகளின் நோயைத் தீர்ப்பதோடு, கடலில் வாழும் உயிர்களைத் திரட்டி ஆராய்வதும் அப்பதவியின் கடமையாம்.

அக்காலத்தில் ஆழ்கடலைப் பற்றி உலகம் அறிந்திருந்தது எவ்வளவு என்பதை இங்கே தெரிந்துகொள்ளுதல் வேண்டும். நம் தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்தோர் கல்லைக் காலிற் கட்டிக்கொண்டு எட்டுப் பாகம், பத்துப் பாகம் வரை மூழ்கினர். பாகம் என்பது இருகைகளையும் விரித்து அளக்கும் அளவு, ஏறத்தாழ ஆறடி. மூச்சை அடக்கி மூழ்கிய அவர்கள் எட்டிய ஆழம் அவ்வளவே. அதற்குக் கீழ் என்ன இருந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடையில் எட்வர்டு போர்ப்சு என்னும் இயற்கைநூல் அறிஞர், 300 பாகத்துக்குக் கீழே உயிரே இராது என்று கருதினார். கதிரவன் ஒளி இல்லை, கடுங்குளிர், நீரின் அழுத்தமோ பேரழுத்தம். பின் உயிர் எங்ஙனம் வாழும்? கேட்பதற்குப் பொருத்தமாகவே தோன்றிற்று. ஆனால், இயற்கை நம் பொருத்தங்களுக்குக் கட்டுப்படுவதன்று. வைவில் தாம்சன் என்பார் 1869-இல் அட்லாண்டிக் கடலில் 2400 பாகத்துக்கும் மேற்பட்ட ஆழத்திலிருந்து உயிர்களை வாரி எடுத்தார். அவர் தலைமையில் சாலஞ்சர் என்னும் கப்பல் 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றி வந்தது. பசிபிக் கடலில், மரியானாத் தீவுகளுக்கு அருகே, 4475 பாகம் ஆழத்தை அக்கப்பல் அளந்தது. அவ்விடத்தைச் சேர்ந்த நெடும்பள்ளத்தின் மிக ஆழ்ந்த பகுதியிலேதான் 1960-ஆம் ஆண்டு சனவரியில் பிக்கார்டு, வால்ஷ் என்னும் இருவர் டிரியெஸ்ட் என்னும் மூழ்குகலத்தில் இறங்கி, ஏறத்தாழ 10,900 மீட்டர் ஆழத்தைத் தொட்டனர்.

இத்துணைப் புகழ்வாய்ந்த சாலஞ்சர் கப்பல், தென்கடல் வழியே ஆஸ்திரேலியா சென்றதேயன்றி, வங்கக்கடலுக்கோ அரபிக்கடலுக்கோ வரவில்லை. ஆதலின் நம் நாட்டைச் சூழ்ந்த கடல்களின் அடித்தளம் அறியப்படாத நிலமாகவே கிடந்தது. அக்குறையை நீக்கியது இன்வெஸ்டிகேட்டர். 1881-இல் பம்பாய்க் கப்பற்கூடத்தில் கட்டி மிதக்கவிடப்பட்ட சிறு மரக்கலம் அது. பக்கச் சக்கரங்களால் நீரைத் தள்ளி ஓடும் நீராவிக் கப்பல். அதன் தலைமைக் கடமை ஆழ்கடல் ஆராய்ச்சியன்று. துறைமுகங்களையும் கடற்கரைகளையும் பாறைகளையும் அளந்து, கப்பலோட்டிகளுக்குப் படம் வரைந்து தருவதே அதன் பணி. ஓரிடத்து அளவை முடிந்து மற்றோரிடத்துக்குச் செல்லும் வழியில், தலைவர் இசைந்தால், ஆழ்கடலில் வலை இறக்கலாம். ஆண்டில் சில நாட்களே அதற்குக் கிடைத்தன. அச்சில நாட்களுக்காக ஆல்காக் ஏனைய நாட்களெல்லாம் காத்திருந்தார்.

ஆழ்கடலில் வலை இறக்குதல் எளிய செயலன்று. முதலில் ஆழம் பார்க்க வேண்டும். முற்காலத்தில் சணற்கயிற்றைப் பயன்படுத்தினர். அது பருமனானது, நீரோட்டத்தில் வளைந்துவிடும், நெடுநேரம் பிடிக்கும். கெல்வின் பிரபு என்னும் அறிஞர் பியானோ என்னும் இசைக்கருவிக்குரிய மெல்லிய எஃகுக் கம்பியை அதற்கு மாற்றாகக் கொண்டுவந்தார். கம்பியின் நுனியில் இரும்புக்குண்டு கட்டப்பட்டிருக்கும். குண்டு தரையைத் தொட்டவுடன் தானே கழன்று கடலடியில் நின்றுவிடும். இல்லையேல் அப்பாரத்தை மேலே இழுக்கும்போது கம்பி அறுந்துபோம். குண்டோடு செல்லும் குழாய் மட்டும் சிறிது சேற்றைக் கவ்விக்கொண்டு மேலே வரும். அச்சேறே கடலடியிலிருந்து வரும் முதல் தூது. அதன்பின் இழுவலை இறங்கும். ஆயிரக்கணக்கான அடிக்குக் கீழே அது குப்புற விழுமோ, மல்லாந்து விழுமோ யார் அறிவார்? ஆதலின் எப்பக்கம் விழுந்தாலும் வாய் திறந்தே இருக்குமாறு, இருபக்கமும் ஒரே அமைப்பாக அதனைச் செய்திருந்தனர். காலையில் இறக்கத் தொடங்கினால் மாலைவரை அவ்வேலை நீளும். பாறையில் சிக்கினால் வலையும் வடமும் போய்விடும். சேற்றை மிகுதியாக அள்ளிக்கொண்டாலும் இழுப்பதற்கு அரிதாம். கொளுத்தும் வெயிலில், உருளையருகே நின்று வடத்தைக் காத்த இந்திய மாலுமிகளின் உழைப்பின்றி இவற்றுள் ஒன்றும் நடந்திராது.

வங்கக்கடலில் 1800 பாகம் வரையுள்ள ஆழங்களில் இன்வெஸ்டிகேட்டரின் வலை சென்று மீண்டது. 1800 பாகம் என்பது 10,800 அடி. கோடைக்கானல் நகரின் உயரம் ஏறத்தாழ 7000 அடி. அம்மலையை அப்படியே பெயர்த்து அவ்விடத்தில் வைத்தாலும், நகருக்கு மேலே இன்னும் மூவாயிரத்து எண்ணூறு அடி நீர் நிற்கும். அவ்வாழத்தில் ஒவ்வொரு சதுர அங்குலத்தின்மீதும் அழுத்தும் பாரம் ஏறத்தாழ இரண்டு டன். மேற்பரப்பில் நீர் இளஞ்சூடாக இருப்பினும், அங்கோ பனிக்கட்டி உருகிய நீரை ஒத்த குளிர்ச்சி. வலையோடு வந்த சேற்றை இந்நாட்டு வெயிலில் கையால் தொடுவோர்க்கு அது சில்லென்றிருக்கும்.

வலை மேலே வந்ததும் ஆல்காக்கின் பணி தொடங்கும். சேற்றைச் சல்லடையில் இட்டு அலசி, ஒவ்வோர் உயிரையும் தனித்தனியே எடுக்க வேண்டும். ஆழத்து மீன்கள் பல, மேலே வரும்போதே சிதைந்துவிடும். உடலுக்குள் காற்றுப்பை உடைய மீனாயின், வெளியழுத்தம் குறையக் குறைய அப்பை விரிந்து, வயிற்றை வாய்வழியே தள்ளிவிடும். ஆதலின் காலந்தாழ்த்தாது நிறத்தையும் வடிவத்தையும் குறித்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. சாராயத்தில் இட்டபின் நிறம் நில்லாது.

அவர் கண்ட உயிர்களின் விந்தைகளை எண்ணப் புகுந்தால் இப்பாடம் போதாது. செக்கச்சிவந்த இறால்கள் பல கிடைத்தன. இருளில் வாழும் உயிருக்குச் செந்நிறம் எதற்கு என்று வியக்கத் தோன்றும். செந்நிற ஒளி கடலின் ஆழத்துக்குச் செல்வதில்லை. ஆதலின் அங்கே சிவப்பு கறுப்பாகவே தோன்றும். சிவந்த உடலே அவ்வுயிருக்கு மறைவிடமாகின்றது. சில மீன்களுக்குக் கண்கள் மிகப் பெரியன. சிலவற்றுக்கோ கண்ணே பயனற்றது. திருவாங்கூர்க் கரைக்கு அப்பால் 430 பாகம் ஆழத்திலிருந்து வந்த மின்திருக்கை ஒன்று முற்றும் குருடு. அது புதிய இனம் என ஆராய்ந்து, 1898-இல் அதற்குப் பெயரிட்டவர் ஆல்காக்கே. சுவரோரத்து ஈரத்தில் வாழும் மரவட்டையை ஒத்த சிற்றுயிர் ஒன்றின் இனத்தில், ஒரு சாண் நீளம் வளர்ந்த பேருரு ஒன்றும் வங்கக்கடலடியிலிருந்து வந்தது.

இவற்றினும் சிறந்த காட்சி ஒன்றுண்டு. ஒரு நாள் வலையில் வந்த ஆழ்கடல் இறால்கள் சிலவற்றை உயிரோடு வாளி நீரில் விட்டனர். இருட்டில் அவை தம் உடலிலிருந்து நீலநிற ஒளிமேகம் ஒன்றைக் கக்கின. அவ்வொளியில் வாளிக்குள் இருந்த பொருள்களெல்லாம் தெளிவாகப் புலப்பட்டனவாம். மேற்கடலில் கணவாய் மீன் பகைவரிடமிருந்து தப்புவதற்குக் கருமையைக் கக்குகின்றது. எப்பொழுதும் கருமையே சூழ்ந்த ஆழத்தில் மேலும் கருமையைக் கக்கிப் பயன் என்ன? அங்கு ஒளியைக் கக்கினால்தான் பகையின் கண் கூசும்.

ஆழத்தில் மட்டுமன்றிக் கரையோரத்திலும் அவர் கண்கள் ஓய்ந்திருக்கவில்லை. திருக்கை மீன்களுட் சில முட்டையிடாமல் குட்டி ஈனும் என்பதை நம் பரதவர் நெடுங்காலமாகவே அறிவர். தாயின் வயிற்றில் அக்குட்டி எதனை உண்டு வளர்கின்றது என்பதை ஆல்காக் ஆராய்ந்தார். கருப்பையின் உட்சுவரிலிருந்து மெல்லிய விழுதுகள் நீண்டு, குட்டியின் தலையிலுள்ள துளைகள் வழியே உட்புகுந்து, பால் போன்ற ஊட்டத்தைச் சுரக்கின்றன என்பதை அவரும், கல்கத்தா அருங்காட்சியகத் தலைவரான உட்மேசன் என்பாரும் 1891-இல் வெளியிட்டனர். பாலூட்டுதல் விலங்குக்கே உரியது என்று எண்ணியிருந்தோர் அதனைப் படித்து வியந்தனர்.

கப்பல் ஆண்டு முழுதும் கடலில் இராது. தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கியதும் துறைமுகத்தை அடையும். அத்திங்கள்களில் ஆல்காக் தாம் திரட்டியவற்றைக் கல்கத்தா அருங்காட்சியகத்தில் வைத்து வகைப்படுத்துவார். 1892-இல் கப்பற்பணி முடிவுற்றது. மறு ஆண்டு உட்மேசன் இறந்தார். அவர் வகித்த தலைவர் பதவி ஆல்காக்குக்குக் கிடைத்தது. பதவி உயர்வுதான், ஆயினும் கடலைப் பிரிந்த உயர்வு அது. கப்பலில் அவருக்குப் பின் வந்த மருத்துவர்கள் திரட்டியவையும் அவரிடமே வந்து குவிந்தன. அவற்றை ஆராய்ந்து எழுதியே பதின்மூன்று ஆண்டுகளைக் கழித்தார். இடையில் 1895-இல் பாமீர் எல்லை வகுக்கும் குழுவினரோடு மருத்துவராகவும் இயற்கை ஆராய்ச்சியாளராகவும் சென்றார். உலகின் கூரை எனப்படும் அம்மேட்டு நிலம் பன்னீராயிரம் அடிக்கும் மேலே உள்ளது. கடலடியின் உயிர்களை ஆராய்ந்தவர் மண்ணுலகின் முகட்டையும் மிதித்தார். அதனைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் இயல்பினர் அல்லர், அங்குக் கண்ட விலங்குகளையும் செடிகளையும் பற்றி அறிக்கை எழுதினார், அவ்வளவே.

இந்திய ஆழ்கடல் மீன்களைப் பற்றிய அவருடைய விளக்கப் பட்டியல் 1899-இல் வெளிவந்தது. இந்தியக் கடல் நண்டுகளைப் பற்றி அவர் எழுதிய தொடர்கட்டுரைகள், பின்வந்தோர்க்கு அடிப்படை நூலாயின. கப்பலிற் கழித்த நான்காண்டு வாழ்வைக் கற்போர் யாவரும் சுவைக்கும் வண்ணம் 1902-இல் ஒரு நூலாக எழுதினார். இவை ஒருபுறமிருக்க, இன்வெஸ்டிகேட்டர் கண்ட உயிர்களின் ஓவியத் தொகுதிகளைக் காண்போர் வியவாதிரார். ஒரு மீனின் ஒவ்வொரு செதிலும், ஓர் இறாலின் ஒவ்வொரு மயிரும் அளவு பிழையாது தீட்டப்பட்டுள்ளன. அவற்றை வரைந்தோர் சௌதுரி, மண்டல் என்னும் வங்காள ஓவியர்கள். கண்ணாடிப் புட்டியில் நிறமிழந்து கிடந்த உடலைப் பார்த்து, நாட்கணக்கில் அமர்ந்து அவர்கள் வரைந்தனர். ஆல்காக்கின் பெயரை அறிந்தோருள் எத்தனை பேர் இவ்விருவர் பெயரையும் அறிவர்?

1901-இல் இலண்டன் அரசச் சங்கம் ஆல்காக்கைத் தன் உறுப்பினராக ஏற்றுப் பெருமைப்படுத்தியது. புகழ் வந்தபோதும் அருங்காட்சியகத்தில் மனநிறைவு வரவில்லை. உயிர்ப்பொருள்களைக் காப்பதற்கும் ஆராய்வதற்கும் ஏற்ற அமைப்பு வேண்டும் என்பது அவர் கொள்கை. அரசினர் அதற்குப் போதிய செவிசாய்க்கவில்லை. 1906-இல் அவர் இந்தியாவை விட்டு நீங்கினார். பின்னர்ப் பதவியையும் துறந்தார். இங்கிலாந்தில் பாட்ரிக் மேன்சன் என்னும் பெருமருத்துவர் நிறுவிய வெப்பநாட்டு மருத்துவப் பள்ளியில் சேர்ந்து, கொசு, ஈ, உண்ணி முதலிய நோய் பரப்பும் உயிர்களைப் பற்றிக் கற்பித்தார். மருத்துவர்களுக்கான பூச்சியியல் நூலொன்றை 1911-இல் வெளியிட்டார். மலேரியாவால் மடிந்த மக்களைத் தோட்டக்காடுகளில் இளமையிலேயே கண்டவர் அவர்.

அவர் விரும்பிய அமைப்பு பின்னர்த் தோன்றிற்று. அவருக்குப்பின் தலைவரான அன்னந்தேல் என்பாரின் முயற்சியால், 1916-இல் இந்திய விலங்கியல் ஆய்வுத்துறை நிறுவப்பெற்றது. இன்வெஸ்டிகேட்டர் திரட்டிய உயிர்ப்பொருள்கள் அதன் கருவூலத்தைச் சேர்ந்தன. ஆல்காக் பெயரிட்ட மீன்களின் மூலவுடல்களை ஒப்பிட்டுப் பார்க்க விரும்பும் ஆராய்ச்சியாளர்கள் நூறாண்டுக்குப் பின்னும் கல்கத்தாவுக்கு வந்துள்ளனர். சென்னையிலுள்ள தேசியக் கடல்தொழில்நுட்ப நிறுவனம் செய்த ஆளில்லா மூழ்குகலம் 2010-ஆம் ஆண்டில் இந்தியக் கடலில் 5000 மீட்டருக்கும் கீழே சென்று, அங்குள்ள தரையைப் படமெடுத்தது. ஆல்காக்கோ அத்தரையை ஒருநாளும் கண்ணாற் கண்டதில்லை. அவர் அறிந்ததெல்லாம் வலையில் வந்த சேறும், சேற்றில் இருந்த உயிர்களும், அவற்றிலிருந்து அவர் அறிவு உய்த்துணர்ந்தவையுமே.

1933-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், எழுபத்து மூன்றாம் வயதில், ஆல்காக் இயற்கை எய்தினார். அதே ஆண்டு செப்டம்பரில் மபாகிசு என்னும் எகிப்தியக் கப்பல், அரபிக்கடலின் அடித்தளத்தை ஆராய்வதற்காக அலெக்சாந்திரியாவிலிருந்து புறப்பட்டது. அதன் ஆராய்ச்சித் தலைவர் சூவெல். இன்வெஸ்டிகேட்டரில் ஆல்காக் வகித்த அதே மருத்துவர் பதவியைப் பிற்காலத்தில் வகித்தவர் அவர். அப்பயணத்தில் அரபிக்கடலுக்கு அடியில், கரையிலிருந்து எவரும் காணவியலாத மலைத்தொடர் ஒன்று கண்டறியப்பட்டது.